ஹாரியட் டப்மன் கேட்ட பாக்கி

அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் பார்வைக்கு வைத்துள்ள ஒரு தாளை நான் பலமுறை எடுத்துப் பார்த்திருக்கிறேன். 1898-ஆம் ஆண்டுப் பிரமாண வாக்குமூலம் அது. நியூயார்க் மாநிலத்தின் ஆபர்ன் என்னும் சிறு நகரில் வாழும், ஏறத்தாழ எழுபத்தைந்து வயதான ஒரு மூதாட்டி, அமெரிக்க அரசு தமக்கு 1,800 டாலர் தரவேண்டும் என்கிறார். உள்நாட்டுப் போரின்போது மூன்றாண்டுகள் மருத்துவமனைகளில் தாதியாகவும் சமையல் பணியாளராகவும் இருந்ததற்கும், எட்டு அல்லது ஒன்பது பேர் கொண்ட வேவுக் குழுவுக்குத் தலைமை வகித்ததற்கும் உரிய கூலி அது. போர்த்துறைச் செயலர் எட்வின் ஸ்டான்டனும் தளபதிகள் சிலரும் இட்ட ஆணைப்படியே பணிபுரிந்ததாகவும் அவர் கூறுகிறார். கையொப்பம் இருக்க வேண்டிய இடத்தில் இருப்பது ஒரு பெருக்கல் குறி.

அந்தக் குறியை இட்டவர் ஹாரியட் டப்மன். அடிமைகளை இரவோடு இரவாக வடக்கே அழைத்துச் சென்ற வீராங்கனையாக அவரை உலகம் அறியும். 1849-இல் மேரிலாந்திலிருந்து தாம் தப்பிய பின், அடுத்த பத்தாண்டுகளில் சுமார் 13 முறை அதே மண்ணுக்குத் திரும்பிச் சென்று, ஏறத்தாழ 70 பேரை மீட்டு வந்தார். முந்நூறு பேர் என்று பல நூல்களில் காண்கிறோம். அது அவருடைய முதல் வாழ்க்கை வரலாற்றை எழுதிய சாரா பிராட்ஃபோர்டு மிகைப்படுத்தித் தந்த கணக்கு. எழுபதே போதுமானது என்பது என் எண்ணம். இந்தப் பகுதி திரைப்படமாகியிருக்கிறது, சிறுவர் நூல்களாகியிருக்கிறது. அதற்குப் பிந்தைய ஐம்பதாண்டுகளைத்தான் நாம் படிப்பதில்லை. அவற்றுள் முப்பதாண்டுகளுக்கு மேலாக அவர் தம் போர்க்காலப் பணிக்கு ஊதியமும் ஓய்வூதியமும் கேட்டுக்கொண்டிருந்தார்.

போர் தொடங்கிய மறு ஆண்டு, 1862 மே மாதத்தில், மாசசூசெட்ஸ் ஆளுநர் ஜான் ஆண்ட்ரூவின் ஏற்பாட்டில் அவர் தென் கரோலினாவின் போஃபோர்ட் நகருக்குச் சென்றார். அந்தக் கடலோரத்தை ஒன்றியப் படை அப்போதுதான் கைப்பற்றியிருந்தது. ஆண்டைகள் ஓடிவிட, பல்லாயிரம் அடிமைகள் தோட்டங்களில் எஞ்சியிருந்தனர். சீதபேதியும் பெரியம்மையும் முகாம்களைச் சூறையாடின. மூலிகை வேர்களைக் காய்ச்சிக் கொடுத்து நோயாளிகளைத் தேற்றும் கைப்பக்குவம் டப்மனுக்கு இருந்தது. தொடக்கத்தில் படைவீரருக்குரிய உணவுப் பங்கீடு அவருக்கும் தரப்பட்டது. தங்களுக்கு இல்லாத சலுகை இவருக்கு மட்டும் ஏன் என்று விடுதலை பெற்ற மக்கள் முணுமுணுத்ததும், அந்தப் பங்கீட்டை அவரே விட்டுவிட்டார். பகலெல்லாம் மருத்துவமனையில் உழைத்துவிட்டு, இரவில் இஞ்சி ரொட்டியும் பழம் பொதிந்த பலகாரங்களும் சுட்டு, வேர்களை ஊறவைத்துப் பானம் காய்ச்சி விற்று வயிற்றைக் கழுவினார். மூன்றாண்டுக் காலத்தில் அரசிடமிருந்து அவர் கைக்கு வந்தது சுமார் 200 டாலர். அதையும் சலவைக்கூடம் ஒன்று கட்டச் செலவிட்டார். விடுதலை பெற்ற பெண்கள் படைவீரர்களின் துணிகளை வெளுத்துப் பிழைக்கட்டும் என்பது அவர் நோக்கம்.

1863 ஜூன் முதல் நாள் இரவில் நடந்ததை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பின்னாளில் ஓய்வூதியக் கோப்புகளில் எடுபடாமல் போனது அந்த இரவுதான். கம்பாகி ஆற்றின் இரு கரைகளிலும் செழித்த நெல் தோட்டங்கள் இருந்தன. அந்த நெல் எதிரிப் படைக்கு உணவாயிற்று. ஆற்றில் எதிரிகள் கண்ணிவெடிகளை மிதக்கவிட்டிருந்தனர். அவை எங்கெங்கே உள்ளன என்பதை அந்தப் பகுதி அடிமைகள் அறிவார்கள். வெள்ளை அதிகாரி எவரும் கேட்டு அவர்கள் வாய் திறப்பார்கள் என எதிர்பார்க்க இயலாது. டப்மனும் அவருடைய வேவுக்காரர்களும் அந்தத் தகவலைத் திரட்டினர். கர்னல் ஜேம்ஸ் மான்ட்கோமரியின் தலைமையில் சுமார் 150 கறுப்பின வீரர்களுடன் மூன்று நீராவிப் படகுகள் புறப்பட்டன. ஒன்று வழியிலேயே தரைதட்டி நின்றது. மற்ற இரண்டும் கண்ணிவெடிகளை விலக்கி ஆற்றின் மேல்நோக்கிச் சென்றன. விடியற்காலையில் படகுகளின் ஊதல் கேட்டதும், வயலில் நின்ற மக்கள் போட்டது போட்டபடி கரைக்கு ஓடி வந்தனர். குழந்தைகளை இடுப்பிலும் முதுகிலும் சுமந்து, அடுப்பிலிருந்து அப்படியே எடுத்த சோற்றுப் பானையைத் தலையில் ஏற்றி, பன்றிகளையும் கோழிகளையும் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஒரே காலையில் எழுநூறுக்கும் மேற்பட்டோர் அடிமைத்தளையிலிருந்து மீண்டனர். பத்தாண்டுகள் கால்நடையாக அலைந்து அவர் மீட்டவர்களைப் போலப் பத்து மடங்கு.

ஆனால், படைப்பதிவேடு எதிலும் அவர் பெயர் இல்லை. பெண்ணைப் படையில் சேர்க்கச் சட்டம் இடம் தரவில்லை. கறுப்பின ஆண்களுக்கே அப்போது வெள்ளை வீரரின் 13 டாலருக்கு எதிரே, உடைக்கான பிடித்தம் போக மாதம் 7 டாலர்தான் தரப்பட்டது. அந்த வேறுபாடு 1864-இல்தான் நீங்கியது. மேலும், வேவுப் பணியின் இயல்பே சுவடு விடாமல் செய்வது. எழுத்தில் எதையும் வைக்காத ஒற்றரே நல்ல ஒற்றர். முப்பதாண்டு கழித்து அரசு அலுவலகம் கேட்பதோ எழுத்தில் உள்ளதைத்தான்.

போர் முடிந்து 1865 அக்டோபரில் அவர் ஊர் திரும்பியபோதே இது தொடங்கிவிட்டது. படைவீரருக்கான சலுகைக் கட்டணச் சீட்டுடன் நியூ ஜெர்சி வழியே ரயிலில் வந்துகொண்டிருந்தார். அந்தச் சீட்டு அவருக்கு உரியது என்பதை நடத்துநர் நம்பவில்லை. புகைபிடிப்போர் பெட்டிக்குப் போகச் சொன்னார். மறுத்த டப்மனை நடத்துநரும் வேறு சிலருமாகச் சேர்ந்து பிய்த்திழுத்துத் தள்ளியதில் அவர் கை முறிந்தது. போர்முனையில் காயமின்றித் தப்பியவர் வீடு திரும்பும் வழியில் காயமுற்றார்.

ஆபர்னில் அவருக்கு இருந்தது ஏழு ஏக்கர் நிலமும் ஒரு வீடும். பின்னர் லிங்கனின் வெளியுறவுச் செயலராக விளங்கிய வில்லியம் சீவார்டு 1859-இல் 1,200 டாலர் விலைக்குத் தவணை முறையில் கொடுத்தது அது. அந்த வீட்டில் வயது முதிர்ந்த பெற்றோர், உறவினர், போக்கிடமற்ற அநாதைகள் என்று எப்போதும் ஒரு கூட்டம் இருந்தது. காய்கறி பயிரிட்டும், பன்றி வளர்த்தும், வாடகைக்குத் தங்குவோரை வைத்துக்கொண்டும் அவர் அத்தனை பேருக்கும் சோறு போட்டார். ஆபர்ன்வாசியான சார்லஸ் உட் என்பவர் 1868-இல் தளபதிகளின் கடிதங்களைத் தொகுத்து முறையான கோரிக்கையாக்கித் தந்தார். சீவார்டும் பரிந்துரைத்தார். பயன் இல்லை. 1874-இல் ஒற்றராகவும் தாதியாகவும் அவர் ஆற்றிய பணிக்கு 2,000 டாலர் வழங்கும் மசோதா பிரதிநிதிகள் அவையில் நிறைவேறியது. செனட் அதைத் தள்ளிவிட்டது.

பிறகு ஒரு வழி திறந்தது, அவர் எதிர்பாராத பக்கத்திலிருந்து. 1869-இல் அவர் நெல்சன் டேவிஸ் என்ற முன்னாள் படைவீரரை மணந்திருந்தார். வயதில் இருபதாண்டுகளுக்கு மேல் இளையவர், கறுப்பினத்தவருக்கான எட்டாவது காலாட்படையில் பணியாற்றியவர். காசநோயால் அவர் 1888-இல் இறந்தார். 1890-இல் இயற்றப்பட்ட சட்டம் படைவீரர்களின் விதவைகளுக்கு மாதம் 8 டாலர் ஓய்வூதியம் அளித்தது. டப்மன் விண்ணப்பித்தார். போருக்குச் சென்றவர் என்று கேட்டபோது கிடைக்காதது, போருக்குச் சென்றவரின் மனைவி என்ற முறையில் கிடைக்கக்கூடும் என்றாயிற்று.

அதற்கும் ஐந்தாண்டுகள் பிடித்தன. நெல்சன் படையில் சேர்ந்தது நெல்சன் சார்லஸ் என்ற பெயரில். அடிமையாக இருந்தபோது அவருக்கு ஒட்டியிருந்தது ஆண்டையின் பெயர். போருக்குப் பின்னரே தந்தையின் பெயரான டேவிஸை ஏற்றார். இருவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்கும்படி அதிகாரிகள் கேட்டனர். டப்மனின் முதற்கணவர் ஜான் டப்மன் உயிரோடு இருந்திருந்தால் இரண்டாம் மணம் செல்லாது. ஆகவே அவர் 1867-இல் மேரிலாந்தில் இறந்ததற்கும் சான்று வேண்டும். டப்மனுக்கோ தம் பிறந்த ஆண்டே உறுதியாகத் தெரியாது. அடிமைக் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் யார் எழுதி வைப்பார்? 1822-ஆக இருக்கலாம் என்பதே அறிஞர்கள் பின்னர் கண்ட முடிவு. ஒரு மனிதருக்குப் பெயரும் பிறந்தநாளும் முறையான திருமணமும் இருக்கவிடாமல் செய்த நாடு, அவை மூன்றுக்கும் ஆவணம் கேட்டது. அலுவலர்களைக் கொடியவர்கள் என்று நான் கருதவில்லை. 1890-களில் அமெரிக்க அரசின் செலவில் ஏறத்தாழ நாற்பது விழுக்காட்டைப் போர் ஓய்வூதியங்களே விழுங்கின. போலி விண்ணப்பங்களும் மலிந்திருந்தன. ஆனால் அவர்கள் கையிலிருந்த அளவுகோல் டப்மனைப் போன்றோரின் வாழ்க்கையை அளக்கச் செய்யப்பட்டதன்று. முதியவர் ஒருவரைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு, அவர் உயிரோடிருப்பதற்குச் சான்று காட்ட ஆண்டுதோறும் கருவூலத்துக்குச் சென்று வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1895 அக்டோபரில் மாதம் 8 டாலரும், காத்திருந்த காலத்துக்கான நிலுவையாகச் சுமார் 500 டாலரும் வந்தன. எழுபதைக் கடந்தவர் அதோடு அடங்கியிருக்கலாம். மறு ஆண்டே ஏலத்தில் 25 ஏக்கர் நிலத்தைக் கடன்பட்டு வாங்கினார். வயது முதிர்ந்த, கதியற்ற கறுப்பின மக்களுக்கு அங்கே ஒரு காப்பகம் அமைப்பது அவர் கனவு. அதற்குப் பணம் வேண்டும். நான் முதலில் குறிப்பிட்ட வாக்குமூலம் இந்தச் சூழலில் பிறந்தது. அதில் அவர் விதவை என்ற நிலையில் எதையும் கேட்கவில்லை. தாம் செய்த பணிக்குத் தாமே கூலி கேட்கிறார். மாதம் 50 டாலர் வீதம் மூன்றாண்டுகளுக்கு 1,800 என்று கணக்கு சரியாக நிற்கிறது. பழைய மூலக் கடிதங்களை வாங்கிச் சென்ற சார்லஸ் உட் காலமாகிவிட்டதையும் குறிப்பிட்டு, அவர் தொகுத்த விவரங்கள் உண்மை என்று உறுதி கூறுகிறார்.

அவருடைய தொகுதியின் உறுப்பினர் செரினோ பெய்ன், மாதம் 25 டாலர் ஓய்வூதியம் அளிக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். பிரதிநிதிகள் அவை இசைந்தது. செனட்டின் ஓய்வூதியக் குழு வேறு கணக்குப் போட்டது. போர்க்காலத் தாதியருக்குச் சட்டம் வகுத்த தொகை மாதம் 12 டாலர். விதவை என்ற முறையில் இவர் பெறுவது 8. இரண்டும் சேர்ந்தால் 20; அதற்கு மேல் போக முகாந்திரம் இல்லை. அப்படியே நிறைவேறி, 1899 பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் மெக்கின்லி கையெழுத்திட்டார். நோயாளிகளுக்குப் பணிவிடை செய்த பெண்ணையும், கணவரை இழந்த பெண்ணையும் அந்தக் கணக்கால் அடையாளம் காண முடிந்தது. ஆற்றின் மேல்நோக்கிப் படகுகளுக்கு வழிகாட்டியவருக்கு அதில் தனியே ஒரு காசும் ஒதுக்கப்படவில்லை.

அந்த 20 டாலரில்தான் கடைசிவரை காலம் தள்ளினார். நிலத்தைத் தாமே பேண முடியாமல் 1903-இல் திருச்சபை ஒன்றிடம் ஒப்படைத்தார். 1908-இல் காப்பகம் திறக்கப்பட்டது. சேர விரும்புவோர் 100 டாலர் கட்ட வேண்டும் என்று திருச்சபையினர் விதித்தது அவருக்குப் பிடிக்கவே இல்லை. பணமே இல்லாதவர்களுக்காகத்தான் அவர் அதை எண்ணியிருந்தார். 1911-இல் நோயுற்ற அவரே அங்கு சேர்க்கப்பட்டார். 1913 மார்ச் 10 அன்று நிமோனியாவால் இறந்தபோது, படை மரியாதையுடன் ஆபர்னின் ஃபோர்ட் ஹில் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

2024 நவம்பரில், முன்னாள் படைவீரர் நாளன்று, அவர் பிறந்த மேரிலாந்து மாநிலம் தன் தேசியக் காவற்படையில் அவருக்குப் பிரிகேடியர் ஜெனரல் பதவியை வழங்கியது. அதற்கு இருபதாண்டுகளுக்கு முன்பே பணக் கணக்கு ஒன்று தீர்க்கப்பட்டிருந்தது. ஆல்பனி நகரப் பள்ளிப் பிள்ளைகள் சிலர் இந்தப் பழைய ஓய்வூதியக் கதையைக் கிளறி முறையிட, அப்போது நியூயார்க்கின் செனட் உறுப்பினராக இருந்த ஹிலாரி கிளின்டன் அதைக் கையிலெடுத்தார். 1899 ஜனவரி முதல் 1913 மார்ச் வரை டப்மனுக்குக் குறைத்துத் தரப்பட்ட தொகைக்கு ஈடாக, ஆபர்னில் உள்ள அவரது நினைவு இல்லத்துக்கு 11,750 டாலர் வழங்க 2003-இல் நாடாளுமன்றம் இசைந்தது. அது விதவை ஓய்வூதியத்தின் குறைபாடாகவே கணக்கிடப்பட்டது. வாக்குமூலத்தில் அவர் கேட்ட 1,800 டாலர் அதில் சேரவில்லை.