ச. இராசகோபாலாச்சாரி

சக்கரவர்த்தி இராசகோபாலாச்சாரி (டிசம்பர் 10, 1878 - டிசம்பர் 25, 1972) இந்திய விடுதலைப் போராட்ட வீரர், வழக்கறிஞர், எழுத்தாளர் மற்றும் அரசியல்வாதி ஆவார். இராஜாஜி என்றே பரவலாக அறியப்படுகிறார். இந்தியாவின் கடைசித் தலைமை ஆளுநராகவும், இருமுறை சென்னை மாகாண அரசின் தலைவராகவும் பணியாற்றினார். இந்தியாவில் முதன்முதலாகப் பொது விற்பனை வரியைச் சட்டமாக்கிய மாகாண அரசு இவருடையதாகும். மதுவிலக்கால் ஏற்பட்ட வருவாய் இழப்பை ஈடுகட்டவே அவ்வரி கொண்டுவரப்பட்டது.

பிறப்பும் கல்வியும்

அன்றைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த, இப்போது கிருட்டிணகிரி மாவட்டத்தில் உள்ள தொரப்பள்ளி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை சக்கரவர்த்தி ஐயங்கார், தாயார் சிங்காரம்மா. ஓசூரில் பள்ளிக் கல்வியும், பெங்களூர் மத்தியக் கல்லூரியில் பட்டப்படிப்பும், சென்னையில் சட்டப் படிப்பும் முடித்தார். 1900 ஆம் ஆண்டு சேலத்தில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கிக் குறுகிய காலத்தில் பெயரும் பொருளும் ஈட்டினார்.

1911 இல் சேலம் நகராட்சி உறுப்பினரான இவர், 1917 முதல் 1919 வரை அதன் தலைவராக இருந்தார். வரி, வரவு, செலவு என்பவற்றை ஒரு மன்றத்தின் முன் வைத்து ஒப்புதல் பெறும் பழக்கம் இவருக்கு இங்குதான் ஏற்பட்டது எனலாம்.

விடுதலைப் போராட்டம்

1919 இல் காந்தியடிகளைச் சந்தித்த பின்னர் வழக்கறிஞர் தொழிலைக் கைவிட்டு ஒத்துழையாமை இயக்கத்தில் இணைந்தார். 1925 இல் திருச்செங்கோட்டுக்கு அருகில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். கதர், தீண்டாமை ஒழிப்பு ஆகியவற்றோடு மதுவிலக்கும் ஆசிரமத்தின் முதன்மைப் பணியாக இருந்தது. மதுவிலக்குக்கென்றே விமோசனம் என்ற இதழை அங்கிருந்து நடத்தினார். கூலி வேலை செய்வோரின் வருமானம் கள்ளுக்கடையில் கரைவதை ஆசிரமத்தைச் சுற்றியிருந்த ஊர்களில் நேரில் கண்டவர் இவர். பின்னாளில் மாகாண வருவாயைப் பணயம் வைத்து இவர் எடுத்த முடிவை இந்தப் பின்னணியிலேயே புரிந்துகொள்ள வேண்டும். 1930 இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யம் வரை உப்பு யாத்திரையைத் தலைமையேற்று நடத்திச் சிறை சென்றார்.

சென்னை மாகாண அரசு (1937-1939)

1935 ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்படி 1937 இல் நடந்த தேர்தலில் காங்கிரசு சென்னைச் சட்டமன்றத்தின் 215 இடங்களுள் 159 இடங்களை வென்றது. மேலவையில் தேர்தல் நடந்த 46 இடங்களுள் 26 இடங்களைக் கைப்பற்றியது. சென்னைப் பல்கலைக்கழகத் தொகுதியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட இராஜாஜி, சூலை 14, 1937 அன்று மாகாண அரசின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அப்பதவிக்கு அக்காலத்தில் பிரதமர் என்றே பெயர். நிதித்துறையை வேறு எவரிடமும் ஒப்படைக்காமல் தாமே வைத்துக்கொண்டார்.

பதவியேற்ற ஆண்டிலேயே மதுவிலக்குச் சட்டம் நிறைவேற்றப்பட்டு, அக்டோபர் 1, 1937 முதல் சேலம் மாவட்டத்தில் நடைமுறைக்கு வந்தது. 1938 இல் சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கும், 1939 இல் வட ஆற்காடு மாவட்டத்துக்கும் விரிவுபடுத்தப்பட்டது. இதில் பெரும் சிக்கல் ஒன்று இருந்தது. அக்காலத்தில் மாகாணத்தின் மொத்த வருவாயில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சாராயம், கள் ஆகியவற்றின் மீதான ஆயத்தீர்வையிலிருந்து வந்தது. நிலவரிக்கு அடுத்த பெரிய வருவாய் அதுவே. பள்ளிக்கூடங்களும் மருத்துவமனைகளும் ஒரு வகையில் குடிப்பவரின் காசில் நடந்தன. வருமான வரியும் சுங்கமும் நடுவண் அரசிடம் இருந்தன. நிலவரியைக் கூட்டினால் ஏற்கனவே கடனில் மூழ்கியிருந்த உழவர்கள் தாங்கமாட்டார்கள். அவர்களுக்காகவே 1938 இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தை இவ்வரசு இயற்றியிருந்தது.

வரவு செலவுத் திட்டமும் சட்டமன்றமும்

அன்றைய நடைமுறை இன்றைய சட்டமன்ற நடைமுறையிலிருந்து சில இடங்களில் வேறுபட்டது. ஆண்டு நிதிநிலை அறிக்கை இரு அவைகளின் முன்னும் வைக்கப்படும். செலவுகள் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தன. ஆளுநரின் ஊதியம், கடன் வட்டி, உயர்நீதிமன்ற நீதிபதிகளின் ஊதியம் போன்றவை முதல் வகை. இவற்றின் மீது சட்டமன்றம் வாக்களிக்க முடியாது. ஆளுநரின் ஊதியம் தவிர்த்த பிறவற்றைப் பற்றிப் பேச மட்டும் செய்யலாம். மற்றச் செலவுகள் துறைவாரியாக மானியக் கோரிக்கைகளாகச் சட்டமன்றத்தின் முன் வரும். சட்டமன்றம் ஒரு கோரிக்கையை ஏற்கலாம், மறுக்கலாம், தொகையைக் குறைக்கலாம்; கூட்ட முடியாது. மேலவைக்கு மானியங்கள் மீது வாக்குரிமை இல்லை.

ஒரு துறையின் மீது குறை கூற விரும்பும் உறுப்பினர் அத்துறைக்கான தொகையில் சிறிதளவைக் குறைக்க வேண்டும் என்று வெட்டுத் தீர்மானம் கொண்டுவருவார். தொகையைக் குறைப்பது நோக்கமன்று. பேச வாய்ப்புப் பெறுவதே நோக்கம். இவ்வழக்கம் இன்றளவும் தொடர்கிறது.

சட்டமன்றம் ஏற்ற தொகைகளை அட்டவணையாக்கி ஆளுநர் கையொப்பமிட்டால் அதுவே செலவுக்கான அதிகாரம். தமது சிறப்புப் பொறுப்புகளுக்கு இன்றியமையாதது என்று கருதினால், சட்டமன்றம் மறுத்த தொகையையும் ஆளுநர் அட்டவணையில் சேர்க்கலாம். பொறுப்பாட்சி என்று கூறப்பட்டாலும் சாவி ஆளுநர் கையிலும் ஒன்று இருந்தது. அப்போதைய ஆளுநர் எர்சுகின் பிரபுவுடன் இராஜாஜி நல்லுறவைப் பேணினார்.

வரி விதிக்கும் சட்டமுன்வடிவுக்கு வழி வேறு. ஆளுநரின் பரிந்துரையுடன் சட்டமன்றத்தில் மட்டுமே அதனை முன்மொழிய முடியும். ஆனால் மேலவையின் ஒப்புதலும் தேவை. இரு அவைகளும் ஒத்துப்போகாவிட்டால் கூட்டுக் கூட்டத்தில் வாக்கெடுப்பு நடக்கும். 159 உறுப்பினர்களைக் கொண்ட கட்சிக்குக் கூட்டுக் கூட்டம் ஓர் அச்சுறுத்தலே அன்று.

சட்டமன்றம் முதலில் சேப்பாக்கத்திலுள்ள பல்கலைக்கழகச் செனட் மண்டபத்தில் கூடியது. 1938 சனவரி முதல் அரசினர் தோட்டத்தில் உள்ள விருந்து மண்டபத்தில் கூடியது. விற்பனை வரி விவாதமும் அங்குதான் நடந்தது. அம்மண்டபம் பின்னர் இராஜாஜி மண்டபம் எனப் பெயர் மாற்றப்பட்டது.

விற்பனை வரிச் சட்டம், 1939

1935 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மாகாணப் பட்டியலில் பொருள் விற்பனை மீதான வரி என்ற ஒரு சொற்றொடர் இருந்தது. அதனை எந்த மாகாணமும் முழுமையாகப் பயன்படுத்தியிருக்கவில்லை. மத்திய மாகாணம் 1938 இல் எரிபொருள் விற்பனைக்கு வரி விதித்தபோது, அது நடுவண் அரசுக்குரிய உற்பத்தித் தீர்வை என்று எதிர்ப்பு எழுந்தது. கூட்டரசு நீதிமன்றம் 1938 டிசம்பரில் மாகாணத்துக்கு ஆதரவாகக் கருத்துரைத்தது. அதனால் சென்னை அரசுக்கும் வழி திறந்தது.

1939 இல் எரிபொருள், புகையிலை, கேளிக்கை ஆகியவற்றின் மீதான வரிகளுடன் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டமும் நிறைவேறியது. ஆண்டு விற்றுமுதல் 10,000 ரூபாய்க்குக் கீழ் உள்ள வணிகருக்கு வரி இல்லை. நாளொன்றுக்குச் சுமார் 27 ரூபாய்க்கு விற்கும் கடை வரை இதில் அடங்கும். 10,000 முதல் 20,000 ரூபாய் வரை மாதம் 5 ரூபாய். அதற்கு மேல் மொத்த விற்றுமுதலில் அரை விழுக்காடு. பருத்தி, நூல் ஆகியவற்றுக்கும், கைத்தறித் துணி மட்டும் விற்போரின் துணிக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. கைத்தறி விலக்கில் காங்கிரசின் கொள்கையைத் தெளிவாகக் காணலாம்.

அரை விழுக்காடு மிகச் சிறிதாகத் தோன்றினாலும் ஒவ்வொரு விற்பனையின்போதும் வரி விழுந்தது. நூறு ரூபாய்ப் பொருள் ஆலையிலிருந்து மொத்த வணிகருக்கும், அவரிடமிருந்து சில்லறை வணிகருக்கும், பின் வாங்குபவருக்கும் கைமாறினால் ஒன்றரை ரூபாய் வரியாகச் சேர்ந்தது. விகிதங்களின் அமைப்பிலும் ஒரு படிக்கட்டு இருந்தது. 20,000 ரூபாய்க்கு விற்றவர் ஆண்டுக்கு 60 ரூபாய் கட்டினார். அதற்குச் சற்று மேல் விற்றவர் 100 ரூபாய் கட்ட வேண்டியிருந்தது. எனினும் கணக்கு எழுதாத சிறு கடைக்காரரிடம் மாதம் 5 ரூபாய் என்று வாங்குவது எளிது என்பதால் இதனைக் குறையாக மட்டும் கொள்ள இயலாது.

வணிகர்கள் இவ்வரியைக் கடுமையாக எதிர்த்தனர். காங்கிரசின் ஆதரவாளர்களில் பலர் வணிகர்களே என்பதால் எதிர்ப்பு கட்சிக்குள்ளும் இருந்தது. குடிக்காதவர்களும் இனி உப்புக்கும் புளிக்கும் வரி சுமக்க வேண்டும் என்பது ஒரு தரப்பு. குடிப்பதை நிறுத்திய குடும்பம் அந்தக் கூலியை அரிசிக்கும் துணிக்கும் செலவிடும், கடைகளுக்கு வியாபாரம் கூடும், அதில் அரசு ஒரு சிறு பங்கைக் கேட்பதில் தவறில்லை என்பது மறு தரப்பு. இரண்டிலும் உண்மை இருந்தது. ஆயத்தீர்வையைச் செலுத்தியவர்கள் பெரும்பாலும் ஏழைகளே. விற்பனை வரி அச்சுமையை எல்லோர் மீதும் பரப்பியது.

சட்டம் அக்டோபர் 1, 1939 அன்று நடைமுறைக்கு வந்தது. இந்தியாவைக் கேட்காமல் போரில் ஈடுபடுத்தியதைக் கண்டித்து அம்மாத இறுதியிலேயே அமைச்சரவை பதவி விலகியது. அதன் பின் நடந்தது வியப்புக்குரியது. ஆளுநரின் நேரடி ஆட்சி, போர்க்காலத்தில் மதுவிலக்கை நிறுத்தி வைத்தது. ஆனால் விற்பனை வரியை விட்டுவிடவில்லை. எதற்காக வரி வந்ததோ அது போயிற்று, வரி மட்டும் நிலைத்தது. வரியின் செல்லுபடித்தன்மையைக் கூட்டரசு நீதிமன்றம் 1942 இலும், இலண்டன் பிரிவி கவுன்சில் 1945 இலும் உறுதி செய்தன. வங்காளமும் பஞ்சாபும் 1941 இலும், பீகார் 1944 இலும், பம்பாய் 1946 இலும் இவ்வரியைப் பின்பற்றின.

இதே ஆட்சியில் 1939 இல் ஆலய நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்பு அளிக்கப்பட்டது. பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியதால் பெரும் போராட்டம் வெடித்தது.

உயர் பதவிகளும் மீண்டும் சென்னையும்

மேற்கு வங்க ஆளுநர் (1947-1948), இந்தியத் தலைமை ஆளுநர் (சூன் 1948 - சனவரி 1950), நடுவண் அமைச்சர் ஆகிய பதவிகளை வகித்த பின், 1952 ஏப்ரலில் சென்னை மாநில முதலமைச்சரானார். 375 இடங்களுள் காங்கிரசு 152 இடங்களையே பெற்றிருந்தது. இராஜாஜி தேர்தலில் நிற்கவில்லை; மேலவைக்கு ஆளுநரால் நியமிக்கப்பட்டார். இது மக்களாட்சி மரபுக்குப் பொருந்தாது என்ற குற்றச்சாட்டு அன்றே எழுந்தது, அது நியாயமானதும்கூட. புதிய அரசியலமைப்பின்படி மானியங்கள் மீது சட்டமன்றம் மட்டுமே வாக்களிக்கும்; பண மசோதாவை மேலவை 14 நாட்களுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். ஆகவே தமது அரசின் வரவு செலவுத் திட்டத்தின் மீது சட்டமன்றத்தில் பேச உரிமையுள்ள முதலமைச்சருக்கு, அதன் மானியங்களுக்கு வாக்களிக்க உரிமை இல்லை. நிதித்துறையை இம்முறை சி. சுப்பிரமணியம் கவனித்தார்.

1952 சூனில் உணவுக் கட்டுப்பாட்டை நீக்கியது இக்காலத்தின் பெரும் வெற்றியாகும். 1953 இல் ஊரகத் தொடக்கப் பள்ளிகளில் பாட நேரத்தைக் குறைத்து இரு வேளைகளாகப் பிரித்த திட்டம் பெரும் தோல்வியாகும். இருக்கும் ஆசிரியரையும் கட்டடத்தையும் கொண்டு இருமடங்கு மாணவருக்குக் கற்பிப்பது நிதி நோக்கில் சிக்கனமாகத் தோன்றியது. ஆனால் மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்றதால் குலக்கல்வித் திட்டம் எனப் பெயர் பெற்றது. சட்டமன்றத்தின் முன் வைக்காமல் ஆணையாகவே இது கொண்டுவரப்பட்டது. 1937 இல் கள்ளுக்கடையை மூட அவைக்குச் சென்றவர், பள்ளி நேரத்தை மாற்ற அவைக்குச் செல்லாதது இவரது அரசியல் வாழ்வின் பெரும் பிழை எனக் கருதலாம். 1954 ஏப்ரலில் பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் திட்டத்தைக் கைவிட்டார்.

இறுதிக் காலம்

1954 இல் பாரத ரத்னா விருது பெற்ற முதல் மூவருள் ஒருவரானார். இராமாயணத்தைத் தழுவிய சக்கரவர்த்தித் திருமகன் நூலுக்காக 1958 இல் சாகித்திய அகாதமி விருது பெற்றார். 1959 இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, நடுவண் அரசின் வரிச்சுமையையும் உரிமக் கட்டுப்பாடுகளையும் எதிர்த்தார். விற்பனை வரியைக் கொண்டுவந்தவரே இவர் என்பதை எதிர்ப்பாளர்கள் மறக்கவில்லை. 1967 தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகத்துடன் கூட்டணி அமைத்துத் தமது கட்சிக்குச் சட்டமன்றத்தில் 20 இடங்களைப் பெற்றுத் தந்தார்.

1971 இல் மு. கருணாநிதி அரசு நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி மதுவிலக்கைத் தளர்த்த முடிவு செய்தது. 92 வயதான இராஜாஜி கோபாலபுரத்தில் இருந்த முதலமைச்சரின் இல்லத்துக்கு நேரில் சென்று அம்முடிவைக் கைவிடுமாறு வேண்டினார். வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. கடைகள் திறக்கப்பட்ட அடுத்த ஆண்டு, டிசம்பர் 25, 1972 அன்று சென்னையில் காலமானார்.

1939 ஆம் ஆண்டின் விற்பனை வரிச் சட்டத்துக்குப் பதிலாக 1959 இல் புதிய சட்டமும், சனவரி 1, 2007 முதல் மதிப்புக் கூட்டு வரியும் வந்தன. சூலை 1, 2017 அன்று சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது பெரும்பாலான பொருள்கள் அதற்குள் சென்றன. மாநில அரசின் விற்பனை வரி தொடர்ந்த சில பொருள்களுள் பெட்ரோலும் மதுவும் அடங்கும்.