ராகத்தின் உருவைக் கண்ட சுல்தான்

ஹோட்கி - கதக் மார்க்கத்திலுள்ள பீஜப்பூரில் (2014 முதல் விஜயபுரா) இறங்கும் நாம், கோல் கும்பஸில் எதிரொலி கேட்டுவிட்டு அடுத்த வண்டியைப் பிடித்துவிடுகிறோம். அங்கே துயில்பவர் முகம்மது ஆதில் ஷா. அவருடைய தந்தையாகிய இரண்டாம் இப்ராஹிம் ஆதில் ஷாவைப் பற்றியே ஈண்டுக் கூற விழைகிறோம்.

தந்தையின் உடன்பிறந்தவரான அலி ஆதில் ஷா 1580-ல் கொலையுண்டபோது, ஒன்பது வயதுப் பாலகனாகிய இப்ராஹிம் அரியணை ஏறினார். அலியின் மனைவி சாந்த் பீபி அவரைப் பேணி வளர்த்தார். பின்னர் நிகழ்ந்த சூழ்ச்சிகளையும் போர்களையும் சரித்திர ஆசிரியர்களுக்கே விட்டுவிடுவோம்.

நம் நாட்டுச் சங்கீத மரபில் ராகத்துக்கு ஸ்வரம் மட்டுமன்றித் தியான உருவமும் உண்டு. இன்ன ராகம் இன்ன நிறத்தினன், இன்ன ராகினி இன்ன அணி பூண்டவள் என்று புலவர் வருணிப்பர்; ஓவியர் அவ்வுருவை ராகமாலைச் சித்திரமாகத் தீட்டுவர். இப்ராஹிம் இம்மரபில் ஊறித் திளைத்தவர். தக்கினி மொழியில் அவர் இயற்றிய 'கிதாபே நவ்ரஸ்' என்னும் நூலில் 59 பாடல்களும் 17 ஈரடிகளும் உள்ளன. பைரவ ராகத்தை அவர் கர்ப்பூர வெண்மேனியும் முக்கண்ணும் சடையில் கங்கையும் உடைய வடிவாகவே காண்கிறார். கலைமகளைத் தாயாகவும் கணபதியைத் தந்தையாகவும் போற்றுகிறார். முஸ்லிம் மன்னர் இவ்வாறு பாடினாரே என்று வியப்போர் பலர். நமக்கோ, பாடும்போதே அவர் பாட்டைக் கண்ணாலும் கண்டார் என்பதே பெருவியப்பு.

தூரிகை பிடிக்கவும் தம்பூர் மீட்டவும் அறிந்த அவரை மக்கள் ஜகத்குரு என்றனர். தம் தம்பூருக்கு மோதிகான் என்று பெயரிட்டுப் பாடல்களிலும் அதைச் சீராட்டினார். அவருடைய அவை ஓவியர் ஃபரூக் ஹுசைன் 1604-ஐ ஒட்டித் தீட்டிய கலைமகள், வெள்ளாடை உடுத்து, வீணை ஏந்தி, அரியணையில் வீற்றிருக்கிறாள், அடியில் மயில்.

1599-ல் தலைநகருக்கு மேற்கே நவ்ரஸ்பூர் என்னும் புது நகரை நிறுவத் தொடங்கி, கலைஞர்களை அங்குக் குடியேற்றினார். ஆண்டு விழாக் கச்சேரிக்கு ஒரு பந்தல் போடவே நாம் படும் பாட்டை எண்ணினால், கலைக்கென ஓர் ஊரையே எழுப்ப முனைந்தவரை மெச்சாதிருக்க இயலுமா? ஆனால் நகரம் முற்றுப்பெறவில்லை. 1624-ல் மாலிக் அம்பரின் படை அதைச் சூறையாடியது. தொர்வி கிராமத்தருகே சங்கீத மஹாலின் இடிபாடுகள் மட்டும் நிற்கின்றன.

1627-ல் இப்ராஹிம் காலமானார். நகருக்கு மேற்கேயுள்ள இப்ராஹிம் ரௌஸாவில் அவர் அடக்கமானார். பாடல்கள் ஏட்டில் எஞ்சின. அவர் பாடிய மெட்டு இன்று எவருக்கும் தெரியாது. அவர் தம்பூர் மீட்டும் சித்திரம் ஒன்று கடல் கடந்து பிராக் நகரக் காட்சிசாலையில் இருக்கிறது.