விறகு கேட்பவரிடம் மரத்தை ஒப்படைக்காத டாக்டர்

கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, திருவள்ளூர் பக்கம் ஐப்பசி மழைக்கு முன்பு வீட்டு மரங்களைக் கழிக்க ஆள் தேடுவது வழக்கம். வருகிறவர்களில் சிலர் கூலி வேண்டாம், வெட்டிய கட்டையை எடுத்துக்கொள்கிறோம் என்பார்கள். கைக்காசு போகவில்லையே என்று நாமும் சம்மதித்துவிடுகிறோம். எந்தக் கிளையை வெட்டுவது என்பதை, அந்தக் கிளையால் லாபம் அடைபவரே முடிவு செய்யும் ஏற்பாடு இது. சுமார் 170 ஆண்டுகளுக்கு முன் சென்னை மாகாணத்தின் காடுகளும் பெரும்பாலும் இப்படித்தான் கிடந்தன. அதை மாற்ற முனைந்தவர் ஒரு டாக்டர். பெயர் ஹியூ கிளெக்கார்ன்.

1820 ஆகஸ்ட் 9-ல் சென்னையிலேயே பிறந்தவர். தந்தை இங்கு நீதிமன்ற அலுவலர். நான்கு வயதில் ஸ்காட்லாந்தில் இருந்த தாத்தா வீட்டுக்கு அனுப்பப்பட்டார். தாத்தாவுக்குப் பெரிய பண்ணை இருந்ததால் மரமும் பயிரும் சிறு வயதிலேயே பழகிவிட்டன. எடின்பரோவில் மருத்துவம் படித்து 1842-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் டாக்டராகச் சென்னைக்குத் திரும்பினார்.

மைசூர் சீமையில் உள்ள ஷிமோகாவில் வேலை பார்த்தபோது, நோயாளிகளைக் கவனித்த நேரம் போக நாளுக்கு ஒரு செடியைப் படிப்பது என்று வைத்துக்கொண்டார். உள்ளூர் ஓவியரைக் கொண்டு அவற்றை வரைந்தும் வைத்தார். மரம் எரித்து, சாம்பலில் விதைத்து, பிறகு இடம் மாறும் குமரிச் சாகுபடியையும், ஒப்பந்தக்காரர்கள் தேக்கை வெட்டிச் சாய்த்ததையும் அவர் நேரில் பார்த்தது அந்த மலைக்காடுகளில்தான். காய்ச்சலில் விழுந்து 1848-ல் ஊர் திரும்பியவர், வெப்பநாட்டுக் காடுகள் அழிந்தால் என்ன நேரும் என்று ஆராய்ந்து 1851-ல் பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தில் அறிக்கை வைத்தார்.

மீண்டும் சென்னை. மருத்துவக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர், தோட்டக்கலைச் சங்கத்தின் செயலாளர் என இரண்டு வேலை. அப்போது ரயில் வந்துவிட்டது. 1856 ஜூலை 1-ல் ராயபுரத்தில் இருந்து திருவள்ளூர், அரக்கோணம் வழியாக வாலாஜா சாலை வரை முதல் பாதை திறக்கப்பட்டது. தண்டவாளத்துக்கு ஸ்லீப்பர் கட்டை வேண்டும், இன்ஜினுக்கு விறகு வேண்டும். சென்னையின் அடுப்புகளுக்கோ நமக்கு வடக்கே பழவேற்காடு ஏரிக்கு அப்பால் உள்ள ஸ்ரீஹரிகோட்டா காட்டில் இருந்து கால்வாய்ப் படகுகளில் விறகு வந்துகொண்டிருந்தது. அதே ஆண்டு டிசம்பரில், கவர்னர் ஹாரிஸ் பிரபுவின் ஆட்சியில், மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலராக கிளெக்கார்ன் நியமிக்கப்பட்டார்.

அவர் ஊன்றி நின்றது ஒரே இடத்தில்தான். வெட்டுபவர் வேறு, வெட்ட வேண்டியதைத் தீர்மானிப்பவர் வேறாக இருக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் நேராக வளர்ந்த நல்ல மரத்தைத்தான் தேடுவார். கோணலையும் சொத்தையையும் விட்டுவிடுவார். இளமரமும் அதோடு போய்விடும். ஆகவே மரம் அறிந்த ஒருவர் முதலில் பார்த்து, குறித்துக் கொடுத்த பிறகே கோடரி விழ வேண்டும்.

நம் வீட்டு வேம்புக்கும் தூங்குமூஞ்சிக்கும் இது அப்படியே பொருந்தும். கூலியைக் கூலியாகக் கொடுத்துவிடுங்கள், கட்டையின் விலையைத் தனியே பேசுங்கள். ஆள் ஏறுவதற்கு முன் பட்ட கிளை, உரசும் கிளை, கூரைமேல் சாய்ந்த கிளை எவை என்று நின்று பார்த்துச் சுண்ணாம்பால் குறியுங்கள். தலையை மொட்டையடிக்கச் சொல்பவர் வேண்டாம். மொட்டையடித்த இடத்தில் கொத்தாகக் கிளம்பும் போத்துகள் மரத்தோடு பலமாகப் பிடிப்பதில்லை. அடுத்த புயலில் அவைதான் முதலில் முறியும். பெரிய கிளையை முதலில் அடியில் இருந்து கொஞ்சம் அறுத்து, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து வெட்டி இறக்க வேண்டும். இல்லையென்றால் கிளை விழும்போது தண்டின் பட்டையை உரித்துக்கொண்டு போகும். மிச்சத்தை, கிளை தண்டோடு சேரும் இடத்தில் பருத்திருக்கும் வளையத்துக்கு வெளியே ஒட்டி அறுக்கலாம். வளையத்தைச் செதுக்கினால் காயம் மூடத் தாமதமாகும், முளைக்குச்சி விட்டால் அழுகும். மின்கம்பி அருகில் இருந்தால் மின்வாரியத்தில் சொல்லி மின்சாரத்தை நிறுத்தாமல் யாரையும் ஏற்றாதீர்கள். இவ்வளவும் கேட்டுச் சலிக்காத ஆள் கிடைத்தால் கூலி கொஞ்சம் கூடினாலும் விடாதீர்கள்.

கிளெக்கார்னை முழு நல்லவராக மட்டும் காட்டுவது சரியல்ல. 1860-ல் அரசுக் காடுகளில் குமரிச் சாகுபடி தடை செய்யப்பட்டதற்கு அவர் வாதமும் காரணம். தலைமுறையாக அதையே நம்பிய மலைமக்கள் வயிற்றில்தான் அடி விழுந்தது. மரம் குறைந்ததற்கு ரயிலும் கப்பல் கட்டும் துறையும் செய்த பங்கு பெரிது, கட்டுப்பாடு இறங்கியதோ முதலில் ஏழைகள் மேல். பிற்காலத்து வனச் சட்டங்களில் விவசாயிகள் பட்ட பாட்டுக்கு வேர் இங்கேயும் இருக்கிறது.

காடு வெட்டுவதைக் கட்டுப்படுத்தினால் விறகு எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு அந்தக் காலத்தவர் கண்ட பதில், விறகுக்காகவே தோப்பு வளர்ப்பது. கடலோர மணலில் சவுக்கு பரவியது இந்தத் தேவையால்தான். பொன்னேரி, மீஞ்சூர் பக்கத்து விவசாயிகளுக்கு இன்றும் சவுக்கு பணப்பயிர்.

1861-ல் தென்னிந்தியக் காடுகளையும் தோட்டங்களையும் பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. பிறகு பஞ்சாபின் இமயமலைக் காடுகளை ஆராய அரசு அவரை அனுப்பியது. 1860-களின் இறுதியில் ஸ்காட்லாந்து போய்ச் சேர்ந்தவர், 1895 மே 16-ல் தாத்தாவின் பழைய பண்ணை இருந்த ஸ்ட்ராவிதியில் காலமானார். கோவிந்து உள்ளிட்ட நம் ஊர் ஓவியர்கள் அவருக்காக வரைந்த செடி, மரப் படங்கள் எடின்பரோ தாவரவியல் பூங்காவில் இருக்கின்றன.