ஒரு மரப்பலகை, எட்டு உயிர்கள்... அலைகளின் நாயகன் டியூக்!

சர்ஃபிங் ரீல்ஸைப் பார்த்துட்டு, நாமளும் ஒருநாள் பலகை மேல ஏறி நிக்கணும்னு ஆசைப்பட்டிருக்கீங்களா? அப்போ டியூக் கஹானமோக்குவை நீங்க தெரிஞ்சுக்கணும். நவீன சர்ஃபிங்கின் தந்தைன்னு கொண்டாடப்படுபவர் இவர்தான்.

1890-ல் ஹவாய்த் தீவுகளின் ஹொனலுலுவில் பிறந்தார். டியூக் என்பது பட்டம் இல்லை, பெயரே அதுதான். எடின்பரோ டியூக் ஹவாய்க்கு வந்துபோன நினைவாக அப்பாவுக்கு வெச்ச பெயர், மகனுக்கும் வந்துடுச்சு.

வளர்ந்தது வைகிகி கடற்கரையில். அங்கே அலை கரைக்கு ரொம்ப தூரத்திலேயே உடைஞ்சு, மெதுவா, நீளமா உருண்டு வரும். எழுந்து நிற்க நேரம் கிடைக்கும். கத்துக்கிறவங்களுக்கு வேற என்ன வேணும்?

1911-ல் ஹொனலுலு துறைமுகத்தில் 100 கெஜத்தை 55.4 விநாடிகளில் நீந்தினார். அப்போதைய உலக சாதனையைவிட 4.6 விநாடி குறைவு! அமெரிக்க அதிகாரிகள் அதை நம்பவே இல்லை. டியூக் சண்டை போடலை. அடுத்த வருஷமே ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தங்கத்தை ஜெயிச்சுக் காட்டினார்.

நீச்சல் போட்டிகளுக்காக ஆஸ்திரேலியா போனவர், 1914 டிசம்பரில் சிட்னியின் ஃப்ரெஷ்வாட்டர் கடற்கரையில் இறங்கினார். கையில், தானே மரத்தில் செதுக்கிய சுமார் எட்டரை அடிப் பலகை. அடியில் ஃபின் கிடையாது, காலில் கட்டும் லீஷும் கிடையாது.

வைகிகி மாதிரி இல்லை இந்த இடம். இங்கே அடியில் பவளப்பாறைக்குப் பதில் மணல். விழுந்தா காயம் குறைவு என்பதால, இப்படிப்பட்ட இடங்கள்ல புதுசா வர்றவங்க இடுப்பளவு தண்ணியில, உடைஞ்சு வரும் நுரை அலையில பழகலாம். ஆனா மணல்திட்டு இடம் மாறிக்கிட்டே இருக்கும், அதோட அலையும் மாறும். திட்டுக்குப் பக்கத்துல அலையே இல்லாம அமைதியா தெரியுற இடம்தான் ஆபத்து. அங்கேதான் தண்ணி ஆளைக் கடலுக்குள்ள இழுக்கும்.

அந்தக் கோடையில் சிட்னியில், 15 வயது இசபெல் லெதமைத் தன் பலகையிலேயே ஏற்றிக்கொண்டார் டியூக். முதலில் பயந்தவளைத் தூக்கி நிறுத்தினார். ஆஸ்திரேலிய சர்ஃபிங் வரலாற்றில் இசபெல்லுக்கும் இடம் கிடைச்சது.

1925 ஜூன் 14. கலிஃபோர்னியாவின் நியூபோர்ட் துறைமுக வாயிலில், ராட்சத அலைகள் ஒரு மீன்பிடிப் படகைக் கவிழ்த்தன. கரையில் இருந்த டியூக், பலகையோடு பாய்ந்தார். திரும்பத் திரும்பப் போய் எட்டுப் பேரைக் கரை சேர்த்தார். நண்பர்கள் இன்னும் நாலு பேரை மீட்டாங்க. ஐந்து பேரைக் காப்பாற்ற முடியலை. அதுக்கப்புறம்தான் அமெரிக்க லைஃப்கார்டுகளிடம் சர்ஃப் பலகை உயிர்காக்கும் கருவியாகப் பரவலாச்சு.

மூன்று ஒலிம்பிக் தங்கம் ஜெயிச்சும், பிழைப்புக்கு ஹாலிவுட்டில் சின்னச் சின்ன வேஷங்கள், பெட்ரோல் பங்க்னு ஓட வேண்டியிருந்தது. 1930-களில் ஹொனலுலு ஷெரீஃப் ஆனார், கால் நூற்றாண்டுக்கும் மேல் அந்தப் பதவியில் இருந்தார்.

1968-ல் 77 வயதில் மறைந்தார். அஸ்தி, வைகிகி கடலில் கரைக்கப்பட்டது. சர்ஃபிங் ஒலிம்பிக்குக்குப் போகணும்ங்கிற அவர் கனவு டோக்கியோவில் நிறைவேற அரை நூற்றாண்டு ஆச்சு.

நீங்க முதன்முதலா பலகையைத் தூக்கும் நாளில், உடனே தண்ணியில குதிச்சுடாதீங்க. பத்து நிமிஷம் கரையில நின்னு, அலை எங்கே உடையுது, எங்கே உடையலைன்னு பாருங்க. கடலைப் புரிஞ்சுக்கிட்டதாலதான், ராட்சத அலைக்குள்ளயும் டியூக்கால போய்த் திரும்ப முடிஞ்சது.