காட்டைக் காக்கப் போன மருத்துவர்

மருத்துவம் படித்தவருக்குக் காட்டில் என்ன வேலை? ஹியூ கிளெக்ஹார்னின் வாழ்க்கையைப் படித்தால் இந்தக் கேள்விதான் முதலில் எழும்.

1820இல் சென்னையில் பிறந்த அவர், சிறுவயதிலேயே ஸ்காட்லாந்துக்கு அனுப்பப்பட்டார். எடின்பரோவில் மருத்துவம் முடித்து, 1842இல் கம்பெனி மருத்துவராகச் சென்னைக்கே திரும்பினார். ஷிமோகாவில் பணியாற்றியபோது செடிகொடிகள் மீது ஆர்வம் வளர்ந்தது. உள்ளூர் ஓவியரைக் கொண்டு அவற்றை வரையவைத்தார்.

உடல்நலம் குன்றி பிரிட்டன் திரும்பியிருந்த காலத்தில், வெப்பமண்டலக் காடுகளை அழிப்பதன் விளைவுகளை ஆராயும் குழுவில் சேர்ந்தார். 1851இல் அறிக்கை வெளிவந்தது.

அந்தக் கவலை எவ்வளவு நியாயமானது என்பதை வறண்ட மாவட்டங்களில் பார்க்கலாம். அங்கே ஆண்டு மழையின் பெரும்பகுதி சில நாள்களிலேயே கொட்டித் தீர்க்கும். இலையும் சருகும் இருந்தால் துளியின் வேகம் குறையும், வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், நீர் மெல்ல உள்ளே இறங்கும். மரமும் புதரும் போய்விட்டால் துளி நேராக மண்ணை அடிக்கும். நுண்துகள்கள் துளைகளை அடைத்து, மேலே ஓடுபோல் இறுகும். பிறகு நீர் இறங்காது, ஓடும். மட்கு நிறைந்த மேல்மண்ணையும் இழுத்துக்கொண்டுபோய் ஏரியில் தள்ளும். நிலம் மெலியும், ஏரி தூர்ந்துபோகும், கிணறும் வற்றும். ஒரு மழை மூன்று இடத்தில் நட்டம் வைக்கிறது!

1856இல் இராயபுரத்திலிருந்து முதல் இரயில் ஓடியது. அதே ஆண்டு சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலராக கிளெக்ஹார்ன் நியமிக்கப்பட்டார். தண்டவாளக் கட்டைகளுக்காக மட்டும் அந்த மாகாணத்தில் ஆண்டுக்குச் சுமார் 35,000 மரங்கள் வெட்டப்பட்ட காலம் அது.

இங்கேதான் அவரிடம் நான் முரண்படுகிறேன். மலைவாழ் மக்களின் குமரி வேளாண்மையை அவர் கடுமையாக எதிர்த்தார். 1860இல் அரசுக் காடுகளில் அனுமதியின்றி அதைச் செய்யத் தடை வந்தது. இரயிலோ கட்டுப்பாட்டோடு மரம் பெற்றுக்கொண்டே இருந்தது. காடு காப்பாற்றப்பட்டது யாருக்காக என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

நம் நாட்டிலும் இதன் சாயல் உண்டு. பங்சார் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். பழைய துரைமார்கள் பால்மரத்தின் அடியில் ஒரு புல்கூட இல்லாமல் களையெடுக்க வைத்தார்கள். மேல்மண் மழையில் கரைந்தோடிய பிறகே பயறுவகைக் கொடிகளை மூடுபயிராக வளர்க்கும் வழக்கம் பரவியது. மழைக்குப் பஞ்சமில்லாத மண்ணுக்கே இந்தக் கதி.

கிளெக்ஹார்ன் பின்னர் பஞ்சாப் காடுகளிலும் பணியாற்றி, ஸ்காட்லாந்தில் 1895இல் காலமானார். ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளர் ஒரு கொடியினத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார். அதில் மலாக்காவின் பெயரைத் தாங்கிய வகையும் ஒன்று உண்டு.