மடக்குக் கேமராவை வீட்டுப் பொருளாக்கிய ஜோர்ஜ் ஈஸ்ட்மன்

பைக்குள் அடங்கும் கேமரா என்றால் இன்று கைப்பேசிதான் நினைவுக்கு வரும். ஆனால், நூறு ஆண்டுகளுக்கு முன்பே, மடக்கிப் பைக்குள் வைக்கும் கேமராவைச் சாதாரண மக்களின் கையில் கொடுத்தவர் ஜோர்ஜ் ஈஸ்ட்மன். கோடாக் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், வாட்டர்வில் என்ற சிற்றூரில் 1854 ஜூலை 12ஆம் நாள் அவர் பிறந்தார். ஏழு வயதில் தந்தையை இழந்தார். தாயார் மரியா வீட்டில் ஆட்களைத் தங்கவைத்து, அவர்களுக்குச் சமைத்துப் போட்டு, மூன்று பிள்ளைகளை வளர்த்தார். மகள்களில் ஒருத்தி இளம்பிள்ளைவாதத்தால் பாதிக்கப்பட்டவர். குடும்பச் சுமையால் ஈஸ்ட்மனின் பள்ளிப் படிப்பு பதினான்கு வயதிலேயே நின்றது. காப்புறுதி அலுவலகம் ஒன்றில் வாரத்துக்கு 3 டாலர் சம்பளத்தில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். இரவில் கணக்கியல் படித்து, 1874இல் ரோச்செஸ்டர் நகர வங்கியில் எழுத்தரானார்.

1877இல் விடுமுறைப் பயணம் ஒன்றில் படம் எடுக்க எண்ணிக் கேமரா வாங்கினார். அந்நாளில் படம் எடுப்பது ஒரு மூட்டை சுமக்கும் வேலை. முக்காலி, கண்ணாடித் தகடுகள், இரசாயனப் புட்டிகள், இருட்டுக்கு ஒரு கூடாரம் எல்லாம் வேண்டும். தகடு ஈரமாக இருக்கும்போதே படத்தை எடுத்துக் கழுவிவிட வேண்டும். பயணம் நடக்கவில்லை. ஆனால், இதை எளிதாக்க வேண்டும் என்ற எண்ணம் அவரை விடவில்லை. பகலில் வங்கி வேலை. இரவில் அம்மாவின் சமையலறையில் இரசாயனக் கலவை. களைத்துப் போனால் அடுப்பங்கரையிலேயே படுத்துவிடுவார்.

1881இல் ஹென்றி ஸ்ட்ராங் என்பவரோடு சேர்ந்து, உலர்ந்த தகடு தயாரிக்கும் நிறுவனத்தைத் தொடங்கினார். மறு ஆண்டே பெரும் சோதனை வந்தது. விற்ற தகடுகள் கடைகளிலேயே கெட்டுப் போயின. அவர் சாக்குப்போக்குச் சொல்லவில்லை. கெட்ட தகடுகளைத் திரும்பப் பெற்று, மாற்றிக் கொடுத்தார். நிறுவனம் மூழ்கும் நிலைக்குப் போனாலும் பெயர் கெடவில்லை. கலவையில் சேர்த்த ஜெலட்டினே கோளாறுக்குக் காரணம் என்று பின்னர் தெரிந்தது.

1888இல் முதல் கோடாக் கேமரா 25 டாலருக்கு வந்தது. நூறு படம் எடுத்தபின் கேமராவையே தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டும். 10 டாலர் கொடுத்தால் படங்களும், புதிய சுருள் போட்ட கேமராவும் திரும்பி வரும்.

அடுத்து வந்ததுதான் மடக்குக் கேமரா. 1898 வாக்கில் வெளிவந்த கோடாக் மடக்குக் கேமராவின் முன்பலகையை இழுத்தால், துருத்திபோல் மடிப்பு விரியும். படம் எடுத்தபின் தள்ளி மூடினால் தட்டைப் பெட்டியாகிவிடும். 1912இல் வந்த இன்னும் சிறிய வகையை முதல் உலகப்போரில் சிப்பாய்கள் பையில் வைத்திருந்தனர். பாலோ வழியே செல்லும் ஜொகூர் இரயில் பாதை முழுமையடைந்த 1909ஆம் ஆண்டும் இக்கால கட்டத்தைச் சேர்ந்ததே. 1924இல் எவரெஸ்ட் சிகரம் ஏறப்போய்த் திரும்பாத மெலரியும் இர்வினும் எடுத்துச் சென்றதாக நம்பப்படுவதும் இத்தகைய கேமராதான். 1999இல் மெலரியின் உடல் கிடைத்தது, கேமரா கிடைக்கவில்லை. அவர்கள் உச்சியைத் தொட்டார்களா என்ற கேள்விக்கு அதிலுள்ள சுருளே பதில் சொல்லக்கூடும்.

செல்வம் சேர்ந்தபின் ஈஸ்ட்மன் அள்ளிக் கொடுத்தார். இலாபத்தில் தொழிலாளர்களுக்குப் பங்கு தந்தார். மருத்துவம், கல்வி, இசை ஆகியவற்றுக்குக் கோடிக்கணக்கில் வழங்கினார். புகழ்பெற்ற எம்ஐடி கல்விக்கழகத்துக்கு உண்மைப் பெயரை மறைத்து நன்கொடை அளித்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. இறுதிக் காலத்தில் முதுகெலும்பு நோயால் அவதிப்பட்டு, 1932 மார்ச் 14ஆம் நாள், 77ஆம் வயதில், தம் வாழ்வைத் தாமே முடித்துக்கொண்டார்.

2012இல் கோடாக் நிறுவனம் நொடித்துப் போய், மறு ஆண்டு மீண்டது. அக்காலத்து மடக்குக் கேமராக்களோ இன்னும் வேலை செய்கின்றன. பேட்டரி இல்லை, திறந்து பார்த்தால் புரியும் பொறி. 1901இல் கோடாக் கொண்டுவந்த 120 வகைச் சுருள் இன்றும் விற்பனையில் இருப்பதால், அதை ஏற்கும் கேமராவில் இன்றும் படம் எடுக்கலாம்.

பாலோ போன்ற மழையும் ஈரமும் மிகுந்த ஊர்களில் இதன் முதல் எதிரி பூஞ்சணம். தோல் உறைக்குள் பூட்டி வைத்தால் லென்சில் படர்ந்துவிடும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வைப்பது நல்லது. துருத்தியில் ஓட்டை உண்டா என்று பார்க்க, இருட்டறையில் உள்ளே டார்ச் அடித்தால் போதும். ஓட்டை இருந்தால் ஒளி கசியும். ஷட்டர் ஒட்டிக்கொண்டால் எண்ணெய் விடக்கூடாது. இறுகிய பழைய எண்ணெயே பெரும்பாலும் அதற்குக் காரணம். தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும்.

தாத்தா காலத்துப் பெட்டியில் இப்படி ஒன்று கிடைத்தால், அவசரப்பட்டுத் திறக்கக் கூடாது. பல கேமராக்களின் பின்புறத்தில் சிவப்பு நிறச் சிறு சன்னல் இருக்கும். அதில் எண்ணோ காகிதமோ தெரிந்தால் உள்ளே சுருள் இருக்கிறது என்று பொருள். வெளிச்சம் படாமல், கழுவத் தெரிந்தவரிடம் அப்படியே ஒப்படைக்க வேண்டும். குடும்பத்தார் யாரும் பார்த்திராத ஒரு முகம் அதில் இருக்கலாம்.