உதகைக்கு வந்த மெக்காலே

உதகமண்டலத்திற்குச் சுற்றுலா செல்லும் நாம் ஏரியையும் மலர்களையும் கண்டு களித்துத் திரும்புகிறோம். அவ்வூரில் 1834ஆம் ஆண்டு சில வாரங்கள் தங்கிய ஓர் ஆங்கிலேயரின் வாழ்க்கை நம் கல்வியோடு பிணைந்தது. அவரே மெக்காலே பிரபு ஆவார்.

தாமஸ் பாபிங்டன் மெக்காலே 1800ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்தார். தந்தை சக்கரி மெக்காலே அடிமை வாணிகத்தை எதிர்த்துப் போராடியவர். மகனோ சிறு வயது முதலே நூல்களில் மூழ்கியவர். கேம்பிரிட்ஜில் பயின்று, 1830இல் பாராளுமன்ற உறுப்பினரானார். வாக்குரிமையை விரிவாக்கிய சீர்திருத்தச் சட்டத்திற்காக அவர் ஆற்றிய உரைகள் பெரும் புகழைத் தேடித் தந்தன. மதம், பிறப்பிடம், நிறம் ஆகியவற்றைக் காட்டி இந்தியருக்கு அரசுப் பதவியை மறுக்கலாகாது என்ற விதிக்காகவும் 1833இல் வாதாடினார்.

தந்தையின் வாணிகம் நொடித்துப் போனதால் குடும்பப் பாரம் இவர் மீது விழுந்தது. ஆண்டுக்குப் பத்தாயிரம் பவுன் ஊதியத்தில் இந்தியத் தலைமை ஆளுநர் சபையின் சட்ட உறுப்பினர் பதவி கிடைத்தது. தங்கை ஹன்னாவுடன் கப்பலேறி, 1834 ஜூன் 10ஆம் நாள் சென்னையை அடைந்தார். தங்கை கல்கத்தாவுக்குச் செல்ல, இவர் உதகையில் தங்கியிருந்த தலைமை ஆளுநர் பெண்டிங் பிரபுவைக் காணப் புறப்பட்டார். ஏறத்தாழ 400 மைல் தூரமும் பல்லக்குப் பயணமே. அடிமைகளுக்காகப் போராடியவரின் மகன் மனிதர்களின் தோள்மீதே மலையேறினார்!

பின்னர்க் கல்கத்தாவில், 1835 பிப்ரவரியில், ஆங்கிலக் கல்விக்கே அரசுப் பணம் செலவிடப்பட வேண்டும் என்று குறிப்பு எழுதினார். வடமொழியும் அரபியும் அறியாமலேயே அம்மொழி நூல்களை அதில் இகழ்ந்தார். ஆயினும், அவர் தலைமையில் 1837இல் வரையப்பட்ட குற்றவியல் சட்டம், திருத்தங்களுடன் 1860இல் நிறைவேறி 2024 ஜூன் வரை நம் நாட்டில் நடைமுறையில் இருந்தது.

1838இல் தாயகம் திரும்பி மீண்டும் பாராளுமன்றத்தில் அமர்ந்தார். இங்கிலாந்து வரலாறு எழுதிப் புகழ் பெற்றார். திருமணம் செய்துகொள்ளாமலே வாழ்ந்து, 1859 டிசம்பர் 28ஆம் நாள் மறைந்தார்.

வீட்டில் தமிழ் பேசிப் பள்ளியில் ஆங்கிலம் பயிலும் மாணவி நான். தமிழ்ப் பாடம்தானே என்று அலட்சியமாக எண்ணியதும் உண்டு. இவர் வரலாற்றைப் படித்தபின் அவ்வெண்ணத்திற்காக வெட்கப்பட்டேன். அத்தனை கற்றவரே, படிக்காததைப் பழித்துத் தவறினார் அல்லவா? தோழியரே! ஆங்கிலத்தை ஆர்வத்துடன் கற்போம். நம் தாய்மொழியையும் அதே ஆர்வத்துடன் கற்போம். அறியாத ஒன்றை ஒருபோதும் இகழாதிருப்போமாக!